மாசம் 20 ரூபாய் சம்பளக்காரர் மகன் கேம்பிரிட்ஜ் போனது எப்படி? கணிதமேதை ராமானுஜன் வாழ்க்கையின் இன்னொரு கணக்கு!

மாசம் 20 ரூபாய். கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் குமாஸ்தாவாக கணக்கு எழுதிய சீனிவாச ஐயங்கார் வாங்கிய சம்பளம் இது. அவருடைய மூத்த மகன்தான் 30 வயதில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவியும் கிடைத்தது. அந்தக் கல்லூரியில் அப்படித் தேர்வான முதல் இந்தியர் ராமானுஜன்தான்.

திறமை இருந்தா போதும், எங்க பொறந்தாலும் மேல வந்துடலாம் என்று சொல்லும்போது நம்ம ஊரில் முதலில் வருகிற பெயர் ராமானுஜன். மேடைப் பேச்சில் இருந்து வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரை இதே கதைதான். ஆனா அவர் வாழ்க்கையை ஆண்டுவாரியாகப் பார்த்தால் ஒரு விஷயம் இடிக்கிறது. 1904-லும் அவருக்கு அதே திறமை இருந்தது, 1913-லும் அதே திறமைதான். இடைப்பட்ட காலத்தில் பாதி நாட்கள் அவர் அரை வயிற்றோடு இருந்தார். அப்படியென்றால் 1913-ல் மாறியது என்ன? யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள்?

ஏழையா, நடுத்தர வர்க்கமா?

1887 டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் ராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது எல்லாம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெரு. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார், அதில் கொஞ்சம் வருமானம். இரண்டையும் சேர்த்தாலும் வீட்டுச் செலவுக்கு இழுத்துப் பிடிக்கத்தான் வேண்டும். சொந்தமாக நிலபுலன் இருந்த குடும்பமும் இல்லை.

அதனால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படிக்க வந்த வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்து, சாப்பாடு போட்டு காசு வாங்கினார்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா ராமானுஜனுக்கு கல்லூரிக் கணக்கு அறிமுகமானது இந்த வாடகை மாணவர்கள் மூலமாகத்தான். அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் 11, 12 வயதிலேயே கறந்துவிட்டார். லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகத்தை 13 வயதில் முடித்துவிட்டார். குடும்பத்தின் பணக்கஷ்டம்தான் புத்தகங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது என்றுகூட சொல்லலாம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஐயங்கார் குடும்பம், ஆங்கிலப் பள்ளி இருக்கிற ஊர், நடந்துபோகும் தூரத்தில் கல்லூரி. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில் ஒன்றுகூட கிடையாது. கையில் பணம் இல்லாத, ஆனால் படிப்பும் படித்தவர்களின் பழக்கமும் இருந்த வீடு அது. இன்றைய பேச்சில் சொன்னால் கீழ் நடுத்தர வர்க்கம். இந்த வித்தியாசம் பின்னால் பெரிய அளவில் கைகொடுத்தது.

32 ரூபாய் இல்லாமல் நின்ற படிப்பு

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன்தான் ஹீரோ. 1904-ல் பள்ளியை முடித்தபோது கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்கு. இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்க வழியிருந்தால் கொடுக்கலாம் என்கிற அர்த்தத்தில் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையிலேயே பாராட்டினார். உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்தது.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1903-ல், அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்திருந்தது. ஜி.எஸ்.கார் என்ற லண்டன் ட்யூஷன் வாத்தியார் எழுதியது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கான கைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 5,000 கணித முடிவுகள் வரிசையாக இருக்கும், விளக்கம் ரொம்ப கம்மி. ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு அதில் இல்லாத புதிய முடிவுகளையும் நோட்டில் எழுத ஆரம்பித்தார். அந்த நோட்டுகளைத்தான் உலகம் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறது.

விளைவு? வேறு எந்தப் பாடமும் தலையில் ஏறவில்லை. ஆங்கிலத்தில் ஃபெயில். உதவித்தொகை ரத்து. கல்லூரிக் கட்டணம் பருவத்துக்கு 32 ரூபாய், அதாவது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். கட்ட முடியவில்லை. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டார். 17 வயசு. வீட்டில் பதறிப்போய்த் தேடி அழைத்துவந்தார்கள்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி, இரண்டாவது வாய்ப்பு. அங்கேயும் அதே கதை. உடற்கூறு பாடத்தில் மதிப்பெண் படுமோசம். எஃப்.ஏ. தேர்வில் திரும்பவும் தோல்வி. ராமானுஜன் கணக்கிலேயே ஃபெயிலானவர் என்று சிலர் ஷேர் செய்வதுண்டு, அது தப்பு. கணக்கைத் தவிர மற்றதில்தான் ஃபெயில். அன்றைய முறையில் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டாலும் மொத்தமும் போச்சு.

அடுத்த சில வருடங்கள் பற்றி சினிமாக்களில் ஓரிரு காட்சிதான் வரும். டிகிரி இல்லை, வேலை இல்லை. ட்யூஷன் எடுத்துப் பார்த்தார், பாடத்திட்டத்தை விட்டு எங்கேயோ போய்விடுவதால் மாணவர்கள் நிலைக்கவில்லை. 1909 ஜூலையில் கல்யாணம். மணப்பெண் ஜானகிக்கு 10 வயது. அடுத்த ஆண்டு ஜனவரியில் விரைவீக்கத்துக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. வீட்டில் பணம் இல்லை. மருத்துவர் ஒருவர் காசு வாங்காமல் செய்துகொடுத்ததால் தப்பித்தார். காகிதம் வாங்கக்கூட கட்டுப்படியாகாது, அதனால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார்.

திருக்கோவிலூரில் கிடைத்த முதல் கதவு

1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயர், 1907-ல் இந்திய கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை, ராமானுஜன் கேட்டது அவ்வளவுதான். நோட்டுகளைப் புரட்டிய ராமசாமி ஐயர் வேலை கொடுக்கவில்லை. வருவாய்த்துறையின் அடிமட்டத்தில் உட்காரவைத்தால் இந்த மூளை வீணாகிவிடும் என்று நினைத்தார். வேலைக்குப் பதிலாக சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு கடிதம் எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதம் கைமாறி கைமாறி, பேராசிரியர் சேஷு ஐயர் வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் கணக்கில் ஆர்வம் உள்ளவர். ஆனா எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகு, எளிதான முடிவுகளில் தொடங்கி படிப்படியாக ராமானுஜன் காட்டியதைப் பார்த்துத்தான் அசந்துபோனார். உனக்கு என்ன வேணும் என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக் கவலை இல்லாமல் ஆராய்ச்சி செய்ய நேரம் வேண்டும் என்பதுதான் பதில்.

ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் சொந்தப் பணத்தில் கொடுக்க ஆரம்பித்தார். அப்பாவின் சம்பளத்தைவிட 5 ரூபாய் அதிகம். ராமானுஜன் வாழ்க்கையில் எல்லாவற்றையும் மாற்றிய பணம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பின்னால் வந்த 250 பவுண்டைவிட இந்த 25 ரூபாய் பெரிது. ஏனென்றால் அப்போது அவரை வெளியே யாருக்கும் தெரியாது.

1911-ல் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது, பெர்னோலி எண்கள் பற்றியது. அதே இதழில் வாசகர்களுக்கு ஒரு புதிரும் போட்டார். 1-ஐயும், 2 மடங்கு இன்னொரு வர்க்கமூலத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். அந்த உள் வர்க்கமூலத்துக்குள் 1-ஐயும், 3 மடங்கு இன்னொரு வர்க்கமூலத்தையும் கூட்டணும். இப்படியே 4, 5, 6 என்று முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மொத்த மதிப்பு எவ்வளவு? ஆறு மாதம் ஆகியும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை வெறும் 3.

போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா

அடுத்தவர் பணத்தில் நீண்ட நாள் உட்கார்ந்து சாப்பிட ராமானுஜனுக்கு மனசு ஒப்பவில்லை. உதவித்தொகைக்கு எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்கு கொஞ்ச நாள் தற்காலிக வேலை. 1912 மார்ச் 1-ம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, மாதம் 30 ரூபாய்.

அந்த ஆபீஸும் நல்வாய்ப்பாக அமைந்தது. தலைமைக் கணக்காளர் எஸ்.நாராயண ஐயர் கணிதம் படித்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளர். ஆபீஸ் முடிந்து ராத்திரியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். ராமானுஜன் தாவிப்போகும் இடங்களில் எல்லாம் நடுவில் இருக்கிற படிகளையும் எழுதச்சொல்லி நச்சரிப்பார் நாராயண ஐயர். மற்றவர்களுக்குப் புரியணும் இல்லையா! போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காதுக்கு விஷயத்தைக் கொண்டுபோனதும் அவர்தான்.

இங்கிலாந்துக்கு கடிதங்கள் போனது இந்த ஊக்கத்தில்தான். கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் பேக்கர், ஹாப்சன் இருவரிடமிருந்தும் உதவி வரவில்லை. 1913 ஜனவரி 16-ம் தேதியிட்ட கடிதம் ஜி.எச்.ஹார்டிக்கு. போர்ட் டிரஸ்டில் ஆண்டுக்கு 20 பவுண்டு வாங்கும் குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டு, பக்கம் பக்கமாக முடிவுகளை இணைத்திருந்தார். ஹார்டியும் நண்பர் லிட்டில்வுட்டும் ஒரு இரவு உட்கார்ந்து பார்த்து, இது ஏமாற்று வேலை இல்லை, எழுதியவர் முதல் தர மேதை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். ஹார்டியும் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா கிரான்லி பள்ளியில் ஓவிய ஆசிரியராகவும் பொருளாளராகவும் இருந்தவர், அம்மா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகம் போய்ப் படிக்க வசதி இல்லாமல் போன இருவரிடமும் படிப்பு இருந்தது. ஹார்டி உதவித்தொகையில் படித்தே ட்ரினிட்டி வரை வந்தார். ஆனா அங்கே அந்த ஏணி ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. இங்கே அதை ஒவ்வொரு படியாக செய்ய வேண்டியிருந்தது.

விதியைத் தளர்த்திய பல்கலைக்கழகம்

1913 பிப்ரவரியில் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தார். எல் நினோ செய்திகளைப் படிப்பவர்களுக்கு வாக்கர் சுழற்சி என்ற பெயர் தெரிந்திருக்கும், அந்த வாக்கர்தான். அப்போது இந்திய வானிலைத் துறையின் தலைவர், பழைய ட்ரினிட்டி மாணவர். நோட்டுகளைப் பார்த்துவிட்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு பரிந்துரைக் கடிதம் எழுதினார்.

சிக்கல் என்னவென்றால் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க பட்டம் வேண்டும். ராமானுஜன் எஃப்.ஏ. கூட தாண்டவில்லை. பல்கலைக்கழகம் விதிவிலக்கு கொடுத்தது. 1913 மே 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தால் போதும், வகுப்பு எடுக்க வேண்டாம். சம்பளம் இரண்டரை மடங்கு ஆனதைவிட, பகல் முழுவதும் கணக்குக்கே கிடைத்ததுதான் பெரிய லாபம்.

கடல் தாண்டுவது அடுத்த தடை. வைணவ ஆசார குடும்பம், சாதிவிலக்கு பயம், அம்மாவின் மறுப்பு. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து அனுமதி கொடுத்ததாக குடும்பத்தில் சொல்லப்படுகிறது. 1914 ஜனவரியில் ஹார்டியின் சகா நெவில் சென்னை வந்து நேரில் பேசியபோது ராமானுஜன் போகத் தயாராகவே இருந்தார். ஆளுநர் பென்ட்லண்ட் வரை சிபாரிசு போய், பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு, கப்பல் டிக்கெட், துணிமணிச் செலவு எல்லாம் ஒதுக்கியது.

அன்றைய மதிப்பில் ஒரு பவுண்டு 15 ரூபாய். 250 பவுண்டு என்றால் 3,750 ரூபாய். சீனிவாச ஐயங்கார் புடவைக் கடையில் 15 வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்தால்தான் அந்தத் தொகை வரும். அதிலிருந்து மாதம் 60 ரூபாயை கும்பகோணத்தில் அம்மாவுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, குடுமியை எடுத்துவிட்டு, 1914 மார்ச் 17-ல் நெவாசா கப்பலில் ஏறினார்.

இத்தனை பேரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். டெபுடி கலெக்டர், கல்லூரிப் பேராசிரியர், கலெக்டர், தலைமைக் கணக்காளர். உதவிய இந்தியர்களில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலம் படித்த, அரசுப் பணியில் இருந்த பிராமணர்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு ஐயங்கார் பையன் கடிதத்தோடு நுழைய முடிந்தது. அதே 1910-ல் அதே அளவு மூளையோடு வேறு சாதியில், பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் பிறந்த ஒருவர் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் முன்னால் போய் நின்றிருக்க முடியுமா? ராமானுஜன் மேதைமையை இந்தக் கேள்வி ஒரு துளியும் குறைக்காது. ஆனா திறமை மட்டும் போதும் என்பதை அப்படியே விழுங்கவும் விடாது.

பட்டம், பதவி, படுக்கை

1916-ல் ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தாண்டாதவரின் முதல் பட்டம். 1917-ல் ட்ரினிட்டி ஃபெல்லோ பதவிக்கு முதல் முயற்சி தோற்றது. அடுத்த ஆண்டு கதை தலைகீழ். 1918-ல் ராயல் சொசைட்டி, அக்டோபரில் ட்ரினிட்டி. ராயல் சொசைட்டிக்கு 1841-ல் அர்தேசிர் கர்சட்ஜி தேர்வான பிறகு போன இரண்டாவது இந்தியர் ராமானுஜன்தான்.

இந்தச் செய்திகள் வந்தபோது அவர் சுகமாக இல்லை. முதல் உலகப்போர் காலம், சைவச் சாப்பாட்டுக்குத் தேவையான பொருள் கிடைப்பது கஷ்டம், தானே சமைக்க வேண்டும், அதிலும் நேரம் காலம் கிடையாது. 1917-ல் படுத்தவர் முழுசாகத் தேறவே இல்லை. காசநோய் என்று சிகிச்சை கொடுத்தார்கள். ஈரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. உடம்போடு மனசும் உடைந்து, 1918 தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போய் மீட்கப்பட்டார்.

1918 டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் ஊர் திரும்பும் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு அறிவித்தது. ட்ரினிட்டியும் தனியாக அதே தொகை கொடுக்கிறது. நோய்ப் படுக்கையில் இருந்து ராமானுஜன் எழுதிய பதில் ரொம்பப் பேருக்குத் தெரியாது. இந்தப் பணம் தன் தேவைக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போகட்டும், தன் அவசியச் செலவு போக மிச்சத்தை ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். 32 ரூபாய் கட்ட முடியாமல் ரயில் ஏறி ஓடிய பையனுக்கு அப்போது 31 வயது.

1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். படுத்தபடியே சிலேட்டும் காகிதமுமாக வேலை தொடர்ந்தது. மாக் தீட்டா சார்புகள் பற்றி 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதியதுதான் கடைசிக் கடிதம். அந்தக் கடைசி ஆண்டின் காகிதங்கள் 1976-ல் ட்ரினிட்டி நூலகத்தில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் படும்வரை கிட்டத்தட்ட மறந்தே கிடந்தன.

1920 ஏப்ரல் 26, சென்னை சேத்துப்பட்டு. 32 வயதில் ராமானுஜன் இறந்தார். கடல் கடந்தவர் என்பதால் ஆசாரமான உறவினர்கள் பலர் இறுதிச்சடங்குக்கு வரவில்லை. தகனத்துக்கு ஏற்பாடு செய்தது 25 ரூபாய் கொடுத்த அதே ராமச்சந்திர ராவ்.

ஜானகி என்ன ஆனார்?

கணவர் இறந்தபோது ஜானகிக்கு 21 வயது. மாமியார் வீட்டில் ஒட்டவில்லை. அண்ணனோடு பம்பாய் போனார், தையலும் ஆங்கிலமும் கற்றுக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் சென்னை திரும்பி திருவல்லிக்கேணியில் குடியேறினார். பல்கலைக்கழகம் கொடுத்த சின்ன ஓய்வூதியமும் தையல் மெஷினும்தான் வருமானம். அதில் சமாளித்து 1950-ல் ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்து ஆளாக்கினார்.

கணவருக்கு சிலை வைப்பதாக முன்பு வாக்கு கொடுத்தார்களே, எங்கே அந்தச் சிலை என்று 1980களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வருத்தப்பட்டார் ஜானகி. அதைக் கேள்விப்பட்ட அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஆஸ்கி, பல நாட்டுக் கணிதவியலாளர்களிடம் பணம் திரட்டினார். மினசோட்டா சிற்பி பால் கிரான்லண்ட் ராமானுஜனின் பாஸ்போர்ட் போட்டோவை வைத்து வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்தார். அதில் ஒன்று ஜானகிக்கு வந்து சேர்ந்தது. 1994 ஏப்ரலில், 95 வயதில் அவர் காலமானார்.